என் நாற்காலிக்கு மேலே ஓடிய ஃபேன்

எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். இன்னும் பல வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் என்ற பெயரும் ஏற்கெனவே இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில், தொழிற்பேட்டைக்குத் திரும்புகிற ரோட்டில் ஓர் அரசு அலுவலகம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நீளமான ஒரு ஹால். இரண்டு வரிசை மேஜைகள். ஒவ்வொரு மேஜைக்கு மேலேயும் ஒரு ஃபேன். இரும்புக் கம்பெனிகளிலிருந்து வருகிற கரித்தூள் இறக்கைகளில் படிந்து எல்லா ஃபேனும் ஒரே நிறமாகிவிட்டிருந்தது.

அந்த ஃபேன்களுக்கு ஒரு சட்டம் உண்டு. எழுதாத சட்டம். ஃபேன் ஓடினால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். நாற்காலி காலியாக இருக்கலாம், மேஜையில் ஈ மொய்க்கலாம், ஆனால் மேலே ஃபேன் ஓடினால் அவர் இப்போதுதான் எழுந்து போனார். டீ குடிக்கவோ, ஸ்டோர் ரூமில் பழைய ஃபைல் தேடவோ. ரயில் தாமதமானவருக்கும், மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவருக்கும், முதலில் வருகிறவர் ஃபேனைப் போட்டு வைப்பார். சென்ட்ரலிலிருந்து வருகிற லோக்கல் வண்டி மீஞ்சூரில் நின்றுபோகிற நாட்களில் ஆளில்லாத ஹாலில் அத்தனை ஃபேனும் ஓடும். மனு கொண்டு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு பெஞ்சில் உட்காருவார்கள். எனக்கு இது பிடிக்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சண்டையே போட்டேன். "ஊரோட ஒத்துப் போமா" என்று எல்லோரும் சேர்ந்து என் வாயை அடைத்தார்கள்.

என் பையனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஒரு வரியில் சொல்லிவிட்டேன், ஆனால் அதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு வெகுநாள் ஆனது. தட்டைக் கீழே போட்டால் திரும்ப மாட்டான். பட்டாசு வெடித்தால் அழ மாட்டான். அமைதியான பிள்ளை, தொந்தரவே இல்லை என்று பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். என் வீட்டுக்காரரும் பேசாத ஆள். பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளை. அவர் அண்ணன் தம்பிகள் கரையில் நின்றால் அக்கரைக்குக் கேட்கும், இவர் மட்டும் எப்படியோ ஊமைச்சாமி. அப்பனைக் கொண்டிருக்கிறான் பிள்ளை என்று நானும் சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

ஆபரேஷன் செய்து, காதுக்குள் ஒன்றும் காதுக்குப் பின்னால் ஒன்றுமாக மெஷின் வைத்தார்கள். அது கவர்மென்ட் காப்பீட்டில் நடந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். டாக்டர் எங்களை உட்கார வைத்து ஒன்று சொன்னார். மெஷின் சத்தத்தை மட்டும்தான் கொடுக்கும், பேச்சை நாங்கள்தான் கொடுக்க வேண்டும். சத்தத்தைப் பேச்சாக மாற்றிக்கொள்ளச் சின்ன வயதில்தான் மூளைக்கு முடியும். அந்த வயது தாண்டிவிட்டால் மெஷின் இருந்தும் பிள்ளைக்குப் பேச வராமல் போகலாம். பையனுக்கு அப்போது மூன்று வயது முடியப் போகிறது. ஏற்கெனவே தாமதம்.

பேச்சுப் பயிற்சி மையம் திருவள்ளூரில் இருந்தது. அதற்காகவே கும்மிடிப்பூண்டி வீட்டைக் காலி செய்துவிட்டு பக்கத்திலேயே மணவாள நகரில் ஒரு மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்தோம். வேலை நாட்களில், காலையில் மட்டும்தான் பயிற்சி. அம்மாவோ அப்பாவோ யாராவது ஒருவர் தினமும் கூட உட்கார வேண்டும், பிள்ளையை விட்டுவிட்டுப் போகக் கூடாது. முதல் நாளே டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"நான் ஒரு மணி நேரம் பேசுவேன். மீதி நாள் பூரா நீங்கதான் பேசணும். நான் சொல்லிக் கொடுக்கறது உங்களுக்குத்தாம்மா, அவனுக்கு இல்ல."

எங்கள் அம்மா வீட்டில் எனக்கு வாயாடி என்று பெயர். மாமியார் வீட்டிலும் அதே பெயர்தான், மரியாதைக்கு மெதுவாகச் சொல்வார்கள். அந்த வாய்க்கு அப்போதுதான் ஒரு வேலை வந்தது. காலையில் அவன் எழுந்ததிலிருந்து ஆரம்பிப்பேன். தண்ணி ஊத்தறேன், தண்ணி சில்லுனு இருக்கு, துண்டு எங்க, துண்டு இங்க இருக்கு. இட்லி சூடு, ஊது, ஊது. ரயில் போகுது பாரு, சத்தம் கேக்குதா, காதுல கை வை. தெருவில் போகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் வேலை கும்மிடிப்பூண்டியில். மணவாள நகரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் சென்னை வரை போய் வேறு லைனில் திரும்பி வர வேண்டும். பஸ்ஸென்றால் பெரியபாளையம் போய் மாறி, கவரைப்பேட்டை வழியாகச் சுற்ற வேண்டும். பயிற்சி முடித்துப் பையனைக் கீழ் வீட்டக்காவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினால் எப்படி விழுந்தடித்துப் போனாலும் மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் சேர முடியும். இருந்த லீவையெல்லாம் தின்று தீர்த்தேன். மாதத்துக்குக் கொடுக்கிற பர்மிஷன் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

என் மேஜைக்குப் பக்கத்து மேஜையில் ஓர் அக்கா. வயதில் என்னைவிட மூத்தவர், ஆரம்பாக்கம் பக்கத்தில் நெல் வயல் வைத்திருக்கிற குடும்பம், புருஷன் இல்லை, ஒரே பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டார். நான் தவிப்பதைப் பார்த்து ஒருநாள் மெதுவாகச் சொன்னார்.

"ஏன்மா இவ்ளோ பேஜாரு உனக்கு? நீ உன் புள்ளயப் பாத்துக்கினு வா. உன் ஃபேன நான் போட்டு வெக்கறேன். யாரு கேக்கப் போறாங்க?"

"வேணாங்க்கா. என் புள்ள விஷயத்துல திருட்டுத்தனம் வேணாம். கேட்டு வாங்கிக்கறேன்."

கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் எங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து நெகிழ்வு வேலைநேரம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. வீட்டில் பராமரிப்பு தேவைப்படும் குழந்தையோ நோயாளியோ உள்ள ஊழியர்கள் மதியம் பன்னிரண்டுக்குள் வந்து, விட்டுப்போன நேரத்தை மாலையில் இருந்து ஈடு செய்யலாம். சோதனை முறையில் நடத்திப் பார்க்கிறார்கள். படித்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆபீஸ் காகிதத்தைப் படித்து அழுதவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் கண்காணிப்பாளர் அந்தப் பூசாரி. கெட்டவர் இல்லை, பயந்தவர். "எல்லாருக்கும் கொடுத்தா ஹால்ல யாரும்மா இருப்பாங்க?" என்று இழுத்தடித்தார். கேட்டதே நான் ஒருத்திதான் என்று சொல்லிப் பார்த்தேன். பிறகு ஒருநாள் பையனைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மேஜை மேலேயே உட்கார வைத்தேன். அவன் அவருடைய மணியை எடுத்து அடித்து, அடித்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டான். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று மாலையே உத்தரவு போட்டுவிட்டார்.

அதன் பிறகு வந்தவை நல்ல மாதங்கள். காலையில் மையம், மதியம் ஆபீஸ், ஊர் அடங்குகிற நேரத்துக்கு வீடு. உடம்பு ஓய்ந்து போகும், ஆனால் மனசில் திருட்டுப் பயம் இல்லை. வந்த நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவேன், போகிற நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவேன். பையன் கூப்பிட்டால் திரும்ப ஆரம்பித்தான். பிறகு சத்தத்துக்குச் சத்தம் எடுத்தான். 'பா' என்றால் 'பா'. 'மா' என்றால் 'மா'. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு 'பந்து' சொன்னால்தான் தருவேன் என்று நான் பிடிவாதம் பிடிக்க, அவன் பிடிவாதம் பிடிக்க, கடைசியில் 'பத்து' என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனான். வாசலில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். இன்னும் கொஞ்சம் நாளில் இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்வான், அதுதான் பெரிய படி, அது வந்துவிட்டால் பயமில்லை என்றார் டீச்சர். நான் அந்த இரண்டு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். என்ன சொல்வான் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போவேன்.

நான் ஆபீஸுக்குள் நுழையும்போதெல்லாம் என் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். வேர்த்து வருகிறேன் என்று அக்கா போட்டு வைக்கிறார் என்றுதான் நினைத்துக்கொள்வேன். உட்கார்ந்ததும் கழுத்தில் காற்றுப் படுவது சுகமாக இருக்கும்.

ஆடி மாதம் வந்தது. ஆடியில் பெரியபாளையம் வழியாக வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். பவானியம்மன் கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாக டிராக்டரிலும் டெம்போவிலும் வந்து இறங்குவார்கள். வேப்பிலை கட்டிக்கொண்டவர்கள் ரோட்டின் குறுக்கே நடப்பார்கள், பஸ் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த வெள்ளிக்கிழமையும் நின்றது. தாயே, எல்லாருக்கும் வழி விடுற, எனக்கும் விடேன் என்று ஜன்னல் வழியாக அம்மனிடமே சண்டை போட்டேன். போன் பையில் கிடந்தது. பயிற்சி அறையில் மணியடிக்கக் கூடாது என்று சத்தத்தை நிறுத்தியது, திரும்பப் போட மறந்துவிட்டேன்.

ஆபீஸில் அன்றைக்குக் கண்காணிப்பாளர் இல்லை, திருவள்ளூருக்கு மீட்டிங் போயிருந்தார். காலையிலேயே மண்டல அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியிருக்கிறார். ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். மேலே ஃபேன் ஓடுகிறது, நாற்காலியில் ஆளைக் காணோம். இந்த சீட் யாருடையது, எங்கே போனார்கள் என்று பக்கத்து மேஜையைக் கேட்டிருக்கிறார்.

அக்கா எழுந்து நின்று சொல்லியிருக்கிறார்: "இப்பத்தான் சார் எழுந்து போனாங்க. ஸ்டோர் ரூம்ல பழைய ஃபைல் தேடிக்கினு இருக்காங்க."

கூப்பிடுங்கள் என்றிருக்கிறார் அவர். அக்கா ஸ்டோர் ரூம் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, பாத்ரூம் போயிருக்கிறார்கள் சார் என்றிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, டீ குடிக்கப் போயிருக்கிறார்கள் சார் என்றிருக்கிறார். அதிகாரி என் மேஜைக்கு எதிரில் பார்வையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். என் ஃபேன் காற்றில் அவர் காகிதம் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா என் போனுக்குத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு தாண்டியிருந்தது. சேலையெல்லாம் கசங்கி, தோளில் சாப்பாட்டுப் பையும் யாரோ இடித்ததில் தலைமயிரில் ஒட்டிக்கொண்ட வேப்பிலையுமாக உள்ளே நுழைந்தேன். எதிரில் அவர். வணக்கம் சொன்னேன்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"திருவள்ளூர்லேருந்து சார். பஸ்ஸை விட்டு இறங்கி நேரா வர்றேன். பெரியபாளையத்துல மாட்டிக்கிச்சு சார்."

அவருக்குப் பின்னால் அக்கா கையால் ஸ்டோர் ரூம் பக்கம் காட்டிக் காட்டி, தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அதிகாரி திரும்பி அக்காவைப் பார்த்தார். கை அப்படியே காற்றில் நின்றது.

"இவங்க காலையிலேருந்து ஸ்டோர் ரூம்ல இருக்கறதா சொன்னாங்க."

"சார், எனக்கு அனுமதி இருக்கு. மதியம் வரலாம்னு உத்தரவே இருக்கு சார். காட்டறேன்."

எடுத்துக் காட்டினேன். அவர் பொறுமையாகப் படித்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அது எனக்குச் சுலபம். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அனுமதி இருக்கறவங்களுக்கு எதுக்கும்மா பொய்?"

நான் சொல்லாத பொய்க்கு நான் எங்கே போய்ப் பதில் தேடுவது? பையனைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது ஸ்டோர் ரூம், பாத்ரூம், டீக்கடைக்கு அடுத்த நாலாவது காரணம் போலக் கேட்டது. இவ்வளவு மாதமும் உத்தரவைக் காட்டிவிட்டு எத்தனை நாள் நிஜமாகப் பன்னிரண்டுக்குள் வந்தேன், எத்தனை நாள் ஃபேன் மட்டும் வந்தது என்று அவர் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது. ரிஜிஸ்டரில் இருந்த நேரமும் நானே எழுதியதுதானே. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. எங்கள் அலுவலகத்தில் வசதி தவறாகப் பயன்படுத்தப்படுவதால் நெகிழ்வு வேலைநேரம் ரத்து. எல்லோரும் காலையிலேயே வர வேண்டும். எல்லோரும் என்றால் நான்.

அக்காவை டிபன் டப்பா கழுவுகிற குழாயடியில் பிடித்தேன். வயதில் மூத்தவர் என்றும் பார்க்கவில்லை.

"நான் கேட்டேனாக்கா? போட்டு வெய்ங்க, பொய் சொல்லுங்கன்னு நான் கேட்டேனா?"

"வேணும்னு செய்யலமா. வேர்த்து விறுவிறுத்து வருவியேன்னு ஃபேனப் போட்டேன். அவரு வந்து எங்கன்னு கேட்டாரு. வாயில தானா வந்துட்ச்சி."

"பர்மிஷன் இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்ல? மதியம் வருவாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சே."

"தெரியும்மா. அந்த நேரத்துக்கு அது ஞாபகத்துலயே வர்ல." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எங்க ஊட்டுக்காரு படுத்த படுக்கையா இருந்தப்ப, இதே ஆபீஸ்ல மாசக்கணக்கா என் ஃபேன் ஓடிக்கினே இருந்திச்சி. அதாலதான் என் வேலை தங்கிச்சி. என் பொண்ணு இன்னிக்குப் படிச்சி ஒரு ஊட்டுக்குப் போயிருக்குதுன்னா அதாலதான். ஆபீசர் வந்தா பொய்தான் சொல்லணும்னு ஊறிப் போச்சிமா. உண்மையச் சொன்னாலும் உடுவாங்கன்னு எனக்கு யாரு சொல்லிக் கொடுத்தாங்க?"

எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததாலேயே கோபம் இரண்டு மடங்கானது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிப் போச்சு, ஆனால் அந்தக் குரங்கு என் பிள்ளை தலையில் அல்லவா ஏறி உட்கார்ந்துவிட்டது. "உங்க நல்ல மனசால என் புள்ள வாயடைச்சுப் போச்சுக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சாப்பிடாமலே டப்பாவைக் கழுவினேன்.

கண்காணிப்பாளரிடம் போய் நின்றேன். "கொஞ்ச மாசம் போவட்டும்மா, சூடு ஆறட்டும், மறுபடி எழுதிப் பாக்கலாம்" என்றார். ஆபீஸுக்குக் கொஞ்ச மாதம் என்பது ஒன்றுமில்லை. ஒரு ஃபைல் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போகிற நேரம். என் பையனுக்கு அது பாதி வாழ்க்கை. அவன் வயது எந்த மேஜையிலும் காத்திருக்காது. இதையெல்லாம் சொன்னேன். அவர் பேனாவை மூடி மூடித் திறந்தார், "நான் இன்னாமா பண்றது" என்றார். நிஜமாகவே அவரால் ஒன்றும் பண்ண முடியாது.

சம்பளமில்லாத லீவு போடலாமா என்று யோசித்தோம். என் வீட்டுக்காரர் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்குகிற கம்பெனியில் உலைக்குப் பக்கத்தில் வேலை செய்கிறார், கான்ட்ராக்ட் ஆள். நாளைக்கு வராதே என்றால் அவ்வளவுதான். கால் காசானாலும் கவர்மென்ட் உத்தியோகம் என்று இரண்டு வீட்டிலும் என் வேலையைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது அவர் சொன்னார்.

"நான் நைட் ஷிப்ட்டு கேட்டு வாங்கிக்கறேன். காலைல அவன இட்டுக்கினு போறேன்."

"நீங்களா? அங்க போனா பேசணுங்க. சும்மா உக்காந்துட்டு வர முடியாது. நாள் பூரா பேசணும்."

"பேசறேன்."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அவரும் முயற்சி செய்யாமல் இல்லை. ராத்திரி முழுக்க உலைச் சூட்டில் நின்றுவிட்டு, விடிந்ததும் பைக்கை ஓட்டிக்கொண்டு திருவள்ளூர் வருவார். நான் கிளம்புகிற நேரமும் அவர் வருகிற நேரமும் ஒத்துவராத நாட்களில் கீழ் வீட்டக்கா வந்து நடுவில் உட்கார்ந்திருப்பார். பையன் அப்போது தூங்கிக்கொண்டிருப்பான். அவன் காதில் மெஷின் இருக்காது, அதனால் போய்ட்டு வரேன் என்று நான் சொல்லி என்ன பிரயோஜனம். நெற்றியைத் தொட்டுவிட்டுப் போவேன். அவர் குளித்து, கண் எரிய எரிய அவனைக் கூட்டிக்கொண்டு மையத்துக்குப் போவார். "அப்பா பேச மாட்டேங்கறாரும்மா, அவனையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கார்" என்று டீச்சர் போனில் சொன்னார். ஒருநாள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாராம். பையன் அவர் கண் இமையை விரலால் திறந்து பார்த்தானாம்.

நான் மாலையில் வந்து சேர்த்து வைத்துப் பேசுவேன். ஆனால் மாலையில் அவன் களைத்துப்போயிருப்பான். நாள் முழுக்கச் சத்தம் கேட்டுப் பழக்கமில்லாத பிள்ளை, மெஷினைப் பிடுங்கி எறிந்துவிடுவான். நான் எடுத்து மாட்டுவேன், அவன் பிடுங்குவான். மெஷின் இல்லாமலே நான் பேசிக்கொண்டிருப்பேன், அவன் என் வாய் திறந்து திறந்து மூடுவதைக் கொஞ்ச நேரம் பார்ப்பான், பிறகு திரும்பிப் படுத்துக்கொள்வான். அந்த நேரத்தில் அந்த அதிகாரி மேல், அக்கா மேல், பஸ்ஸை நிறுத்திய கூட்டத்தின் மேல், ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோர் மேலும் எனக்குக் கோபம் வரும். கத்தினாலும் பிள்ளைக்குக் கேட்காது என்பதால் ஒரு தடவை நன்றாகக் கத்தினேன். கீழ் வீட்டக்கா படியேறி வந்து, இன்னாமா ஆச்சு என்று கேட்டார்.

அக்கா ஆபீஸில் தினமும் என் பையனைப் பற்றி, "நைனா பேசறானாமா?" என்று கேட்பார். முதலில் பதில் சொல்லவில்லை. பிறகு, பேசலக்கா என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் ஊரிலிருந்து அவனுக்காக வேர்க்கடலை அவித்துக் கொண்டு வருவார், நான் வாங்கிக்கொள்வேன். கோபத்தை எத்தனை நாள்தான் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது.

மார்கழியில் ஒருநாள் லீவு கிடைத்தது. பையனை நானே கூட்டிக்கொண்டு போகிறேன், நீங்கள் தூங்குங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை, கூடவே வந்தார். வந்து வாசல்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எத்தனையோ மாதம் கழித்து அந்தக் குட்டி நாற்காலியில் முட்டி இடிக்க நான் உட்கார்ந்தேன். பையன் எனக்கு நேர் எதிரில், முட்டியோடு முட்டி. மெஷின் காதில் இருந்தது, காலைப் பொழுது, முகம் தெளிவாக இருந்தது. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

டீச்சர் பந்தையும் வண்டியையும் மேஜையில் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். பந்து எங்க? எடுத்துக் காட்டினான். வண்டி எங்க? காட்டினான். அப்பா எங்க? வாசலைக் காட்டி, "ப்பா" என்றான். டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவனிடம் குனிந்தார்.

"அம்மா எங்க?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் மேலே விரித்துக் காட்டினான்.

"அம்மா இல்ல."

அத்தனை தெளிவு. ஓர் எழுத்து விழுங்கவில்லை. டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "சேத்துட்டாம்மா, ரெண்டு வார்த்தை சேத்துட்டான்" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் கதவுப் பக்கம் திரும்பினேன். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"காலைல எழுந்ததும் ஊடு பூரா தேடுவான்" என்றார். "அம்மா எங்கன்னு கைய நீட்டிக் கேப்பான். நான் இன்னா சொல்றது? அதத்தான் தெனம் சொல்லுவேன்."

பிள்ளை சரியாகச் சொன்னால் உடனே கை தட்ட வேண்டும் என்பது அந்த அறையில் விதி. தட்டாவிட்டால் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு மறுபடி சொல்ல மாட்டார்கள். நான் கை தட்டினேன். பலமாகத்தான் தட்டினேன். அவனுக்கு ஒரே குஷி. என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னான், "அம்மா இல்ல."